இரண்டு முடிவுள்ள துப்பாக்கிக் கதை

மூன்று மாதமாக ஒரு சிறுகதையைத் தேடி அலைந்தேன். தலைப்பு தெரியாது, எழுதியவர் தெரியாது, எந்த வாரப் பத்திரிகை என்றும் தெரியாது. துப்பாக்கி செய்கிற ஓர் ஆசாரியைப் பற்றியது என்பது மட்டும் நினைவிருந்தது. என் ஏழு வயதில் அத்தை, அப்பாவின் தங்கை, எனக்குப் படித்துக் காட்டியது. போன வருஷம் என் மகள் கதை கேட்டு நச்சரித்தபோது அதைத்தான் ஆரம்பித்தேன். கடைசியில் வந்து மாட்டிக்கொண்டேன். என் நினைவில் அந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் இருந்தன. நானோ ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவள். ஒரே உருப்படிக்கு இரண்டு அளவு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

கிருஷ்ணகிரி நூலகத்தில் பழைய இதழ்க் கட்டுகளைப் புரட்டியதில் தும்மல்தான் மிச்சம். ஓசூர்ப் பழைய பேப்பர் கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு மூட்டைகளைக் கை காட்டினார். வாசகர்களின் வாட்சப் குழு ஒன்றில் கேட்டேன். நான்கு பேர் தாங்களும் அந்தக் கதையைப் படித்திருப்பதாகச் சத்தியம் செய்தார்கள். தலைப்பு மட்டும் ஒருவருக்கும் வாயில் வரவில்லை.

கதை இதுதான். ராஜா காலத்தில் ஓர் ஆசாரி இருந்தார். அவர் செய்கிற துப்பாக்கியில் முதல் வெடியை அவரேதான் வெடிப்பார். குழலில் குறை இருந்தால் செய்தவன் தலையோடு போகட்டும், வாங்குகிறவன் குடும்பம் ஏன் அழ வேண்டும் என்பது அவர் தொழிலின் சட்டம். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். அவர் தம்பி, நான் வெடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். அண்ணன் சரி என்றார். குழல் பிளந்து தம்பிக்கு ஒரு கண் போய்விட்டது.

எங்கள் வீடு குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி, காட்டை ஒட்டிய நிலத்தில் இருந்தது. நிலக்கடலை போட்டால் பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்னிக்கு. அதனால் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தது. யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார்கள். அப்பா எங்கள் மோட்டார் கொட்டகையை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார். கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால் சீவிய கட்டையும் நீளமான இரும்புக் குழலும் தெரியும். பம்புக்கு ஏதோ செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகைப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. ஓடினேன். புகை தெரிந்தது. ஓசூர் லேத் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா லீவுக்கு வந்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்திருந்ததும், அப்பா தோளில் கிடந்த துண்டை இழுத்ததும் தெரிந்தன. அதற்குள் அத்தை ஓடி வந்து என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது.

மோட்டார் வெடித்துவிட்டது என்றார்கள். நாலைந்து நாள் கழித்து, சித்தப்பாவுக்குக் கம்பெனியில் பிரஸ் மிஷினில் மாட்டி இரண்டு விரல் போய்விட்டது என்றார்கள். ஊரும் நம்பியது. எங்கள் பக்கம் விரல் இல்லாதவரைப் பார்த்தால் எப்படிப் போச்சு என்று கேட்கமாட்டார்கள், எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள்.

அந்த வாரம்தான் அத்தை கதையைப் படித்துக் காட்டினாள். வாரப் பத்திரிகையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தாள். நான் அப்போது எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளை. மறுநாளும் படித்தாள், அதற்கு மறுநாளும். கொட்டகைப் புகையைக் கண்ணால் பார்த்தேனா, கதையில் கேட்டேனா என்று எனக்கே பிடிபடாமல் போகும்வரை படித்தாள். கடைசியில் முழுக்கதையும் எனக்கு மனப்பாடம்.

பத்து நாள் போயிருக்கும். ஊர்த் தெருக்களில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நாளைக்குள் ஊர் எல்லைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டுப் போய்விடலாம், யார் வைத்தது என்று கேட்கமாட்டோம், அதற்குப் பிறகு வீட்டில் பிடித்தால் ஜெயில்தான் என்றது மைக். அன்றைக்கே சாயங்காலம் ஏட்டையா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் கேட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஏட்டையா அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, துப்பாக்கி பாத்திருக்கிறியா நீ?"

"கதையில பாத்திருக்கேன்" என்றேன்.

"அட! எங்க, சொல்லு பாக்கலாம்."

எனக்குக் கேட்கவா வேண்டும்! கையை ஆட்டி, கண்ணை உருட்டி, வெடிச் சத்தம் வருகிற இடத்தில் ஒரு குதி குதித்துச் சொன்னேன். உள்ளே அம்மாவின் மிக்ஸி நின்றுவிட்டது. ஏட்டையா தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டார். தம்பிக்குக் கண் போன இடத்தில் அவர் முகம் மாறியது. அந்தத் துப்பாக்கி என்ன ஆச்சு என்று கேட்டார்.

"கெணத்துல போட்டுட்டாரு" என்றேன். அத்தை படித்தபடிதான் சொன்னேன்.

எங்கள் கிணறு பத்தடி தள்ளித்தான் இருந்தது. ஏட்டையா திரும்பி அதைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. அப்பாவின் கையில் இருந்த கயிறு நழுவி, மாடு தன்பாட்டுக்கு வைக்கோல் போரைப் பார்த்து நடந்தது. அதைப் பிடிக்க யாரும் போகவில்லை.

அத்தைதான் வாயைத் திறந்தாள். "அது போன வாரம் வந்ததுங்க சார். இந்த வாரந்தான் முடிவு வந்திருக்குது. புள்ளைக்கு இன்னும் படிச்சுக் காட்டல."

"அப்படியா? முடிவு என்னம்மா?"

"அந்த ஆளு அதை வெளிய எடுத்து, ஊரு எல்லையில வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துர்றாருங்க. அதுக்கப்புறம் அந்த வேலையவே தொடறதில்ல."

"எப்ப வைக்கிறாரு?"

"விடியறதுக்குள்ள, சார்."

"நெசமாவே தொடமாட்டாரா? கதையில என்ன வேணா எழுதுவாங்க."

"கூடப் பொறந்தவனுக்கு அப்படி ஆயிருச்சுங்களே சார். இன்னொரு தடவ எப்படித் தொடுவாரு?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் சொன்ன கதையின் முடிவை என் முன்னாலேயே மாற்றுகிறாளே என்று அத்தையின் புடவையை இழுத்தேன். ஏட்டையா மோர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார். "நல்ல கதைம்மா. பாப்பா ஜோராச் சொல்லுது" என்று என் தலையைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் புளியமரத்தடியில் ஏழு துப்பாக்கிகள் கிடந்ததாக ஊரெல்லாம் பேச்சு. ஒன்றின் குழல் பிளந்திருந்ததாம்.

தேடிச் சலித்துப்போய், கல்லாவியில் இருக்கும் அத்தைக்குப் போன மாதம் போன் செய்தேன். எந்தப் பத்திரிகை என்று கேட்டேன். அத்தை முதலில் சிரித்தாள்.

"எந்தப் பத்திரிகையிலயும் வரல கண்ணு. அன்னிக்கு என் மடியில இருந்தது சமையல் குறிப்புப் பக்கம்."

அப்புறம் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சலாம். பட்டறையிலிருந்து தான் கொண்டுவந்த குழல் என்பதால் நானே வெடிக்கிறேன் என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்தாராம். அப்பா ஒரே ஒரு தடவை சரி என்று சொன்னாராம். நான் வெளியே எங்கேயாவது உளறினாலும் கதைதான் என்று போய்விட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தை இவ்வளவும் செய்தாள். அப்பா நிஜமாகவே துப்பாக்கியைப் போட்ட கிணறு மட்டும் வாய் தவறிக் கதைக்குள் வந்துவிட்டது என்றாள். அப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது. அவரிடம் இனிக் கேட்க வழியில்லை.

ஏட்டையா போன பிறகு, அத்தை மோர்ச் சொம்போடு உள்ளே போயிருந்தபோது நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அப்பா நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கிட்டே போனதும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கு முன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. கதையை அவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, காதில் கேட்டேன்.

"இன்னொரு வாட்டி சொல்லட்டுமாப்பா?"