பேச்சுத் துணைக்கு ஒரு கட்டடம்

போன வருடம் மழைக்காலம் முடிந்து, எங்கள் மரக்காணத்து உப்பளங்களில் மறுபடி வேலை தொடங்கிய சமயம். அப்போதுதான் நான் முதன்முதலாக விமானம் ஏறி துபாய்க்குப் போனேன். அங்கே என் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்கு ஒத்தாசையாக என் மனைவி முன்பே போய்விட்டாள். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, பேத்தியைப் பார்க்க நான் பிறகு போனேன்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. ஊரில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உப்பளத்துக்காரர்களுக்கு மண்வெட்டி, இரும்புச் சட்டி, தார்ப்பாய், மோட்டாருக்கு ஓஸ் பைப் எல்லாம் என்னிடம்தான் வாங்குவார்கள். வியாபாரம் என்றால் வாய் பேசும். அதைத் தாண்டி எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் சத்தமில்லாமல் கிளம்பிவிடுகிற ஆள் நான்.

என் மருமகனும் அப்படித்தான். துபாயில் ஒரு கம்பெனியின் குடோனில் வேலை. ஒரு மாத லீவில் வந்து, நிக்காஹ் முடித்து, திரும்பிப் போய், பிறகு விசா எடுத்து என் மகளை அழைத்துக்கொண்டார். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் இருவரும் பேசிய பேச்சு, "வாங்க மாப்ள", "சாப்ட்டீங்களா மாமா" இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அம்மாவும் பெண்ணும் பேசித் தீர்த்த பிறகு போனைத் தன் கணவரிடம் கொடுத்து, "அத்தாகிட்ட பேசுங்க" என்பாள். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன் மாமா." அவ்வளவுதான். இருவருமே போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

ஒருநாள் என் மனைவி தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். "மாப்ளைக்கு மனசுல ஒரு குறை இருக்குதாம். நிக்காஹ் அன்னைக்கே மாமா மூஞ்சி குடுத்துப் பேசல, அவருக்கு என்னைப் பிடிக்கலன்னு நம்ம பொண்ணுகிட்ட சொல்லி இருக்காரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடிக்காமல் என்ன? என் மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் இவர் ராத்திரி தூங்குவதில்லை என்று அவளே சொல்வாள். ஆனால் "உங்களை எனக்குப் பிடிக்கும்" என்று ஒரு மாமனார் மருமகனிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வெளியிலிருந்து பேசினார். அவருக்குப் பின்னால் வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு கட்டடம் நின்றது. ஏதாவது பேசியாக வேண்டுமே என்ற தவிப்பில், "அது என்ன கட்டடம் மாப்ள, இம்மாம் ஒசரம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான் மாமா உலகத்துலேயே ஒசரமானது" என்று போனைத் திருப்பி அடியிலிருந்து நுனி வரை காட்டினார். மேலே நின்று ஊரைப் பார்க்கத் தனியாக ஒரு தளம் இருப்பதையும் சொன்னார். அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாக முழுசாகப் பேசினோம்.

அதன் பிறகு அந்தக் கட்டடம் எங்களுக்குப் பேச்சுத் துணை ஆகிவிட்டது. கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரங்களில் போனில் அதைப் பற்றித் தேடிப் பார்த்து, கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொள்வேன். லிஃப்ட் எவ்வளவு வேகம், காற்றடித்தால் மேலே ஆடுமா, அத்தனை கண்ணாடியையும் யார் துடைக்கிறார்கள். அவரும் யாரையாவது விசாரித்துப் பதிலோடு வருவார். கீழே சூரியன் மறைந்த பிறகும் உச்சியில் இருப்பவர்களுக்குச் சற்று நேரம் தெரியுமாம். அதனால் ரமலானில் மேல் மாடிக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துத்தான் நோன்பு திறப்பார்களாம். இதை அவர் சொன்னபோது நான் அசந்துவிட்டேன். ஒரு வாரம் முழுக்க, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பயணம் முடிவானதும் மாப்பிள்ளை சொன்னார். "நீங்க வந்ததும் கண்டிப்பா மேல போறோம் மாமா. நீங்க எவ்ளோ ஆசையா கேட்டீங்க."

"இன்ஷா அல்லாஹ்" என்றேன். சொல்லிவிட்டுச் சீக்கிரமே போனை வைத்துவிட்டேன். எனக்கு உயரம் என்றால் அவ்வளவு பயம்.

எங்கள் ஊர் தட்டையான ஊர். உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புக் குவியல்தான் கண்ணுக்குத் தெரிகிற மேடு. வாலிப வயதில் ஒரு பெருநாளுக்குப் பள்ளிவாசல் மினாராவில் சீரியல் லைட் கட்ட ஏறினேன். பாதியில் கீழே பார்த்துவிட்டேன். அப்புறம் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் இறக்கினார்கள். இன்றைக்கும் பெருநாள் வந்தால் யாராவது ஒருவர், "லைட் கட்ட ஆள் வேணுமாம், போறீங்களா?" என்று என்னைக் கேட்காமல் இருப்பதில்லை.

பயத்தைப் பழக்கிப் பார்க்கலாம் என்று, பல வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்த என் சிநேகிதனிடம் போனேன். அவன் ஊரில் புதிதாக மூன்று மாடி வீடு கட்டியிருந்தான். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அங்கிருந்து பார்த்தால் உப்பளமெல்லாம் பாத்தி பாத்தியாக, அடுக்கி வைத்த கண்ணாடி மாதிரி பளபளவென்று தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடிச் சுவரை நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே நடக்க ஆரம்பித்தேன். சிநேகிதன் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்பா, மூணு மாடிக்கே இந்த ஆட்டம் ஆடுற. அங்க நூறு மாடிக்கு மேல போகணும். உன்னை ஸ்ட்ரெச்சர்லதான் எறக்குவாங்க. மாப்ளகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லிட்டா அப்புறம் நாங்க ரெண்டு பேரும் என்னத்தப் பேசுறது?" என்றேன்.

அவன் சிரித்தான். ஆனால் எனக்கு அது சிரிப்பாக இல்லை. எத்தனையோ மாதம் கழித்து அந்தப் பிள்ளை என்னிடம் நாலு வார்த்தை பேசுகிறது. இது வேண்டாம் என்றால், நம்மோடு வெளியே வரக்கூட மாமாவுக்கு விருப்பமில்லை என்று பழையபடி நினைத்துவிட்டால்? அந்தப் பயத்துக்கு முன்னால் உயரத்தின் பயம் பெரிதில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். விமானத்தில் நடு சீட்டைக் கேட்டு வாங்கி, தெரிந்த துஆவெல்லாம் ஓதி, கண்ணை மூடியபடி துபாய் போய்ச் சேர்ந்தேன்.

குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகுதான் தாயும் பிள்ளையும் வெளியே வருவது எங்கள் வழக்கம். அதனால் நாற்பது முடிந்த கையோடு எல்லோருமாகப் போவதென்று மாப்பிள்ளை திட்டம் போட்டிருந்தார். பெண்கள் குழந்தையோடு கீழே கடைகளையும் தண்ணீர் ஊற்றுகளையும் பார்ப்பது, நாங்கள் இருவரும் மேலே போவது. பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு ஏறினால், சூரியன் மறைந்ததும் தொழுகிற மஃரிபுக்குள் இறங்கிவிடலாம் என்று அதற்கேற்ற நேரத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சுதான். எந்தப் பக்கம் நின்றால் கடல் தெரியும், எங்கே கண்ணாடித் தரை இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

அந்த நாளும் வந்தது. மகளையும் மனைவியையும் கீழே ஓர் இடத்தில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் வரிசையில் நின்றோம். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை என்னை விழுந்து விழுந்து கவனித்தார். தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா, கால் வலிக்கிறதா, வேண்டுமானால் பின்னால் வருகிறவர்களை முன்னே விட்டுவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரே பாத்ரூமுக்குப் போய்ப் போய் வந்தார். அத்தனை குளிர் ஏசியிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. வேலை அலுப்பு, பாவம், எனக்காக அலைகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற கூட்டத்தை லிஃப்டுக்குள் அனுப்பிவிட்டு, அடுத்தது நீங்கள்தான் என்று காவலாளி கை காட்டினார். அந்த லிஃப்டின் கதவு மூடியதைப் பார்த்ததும் மினாராவில் தொங்கிய அந்த நிமிஷம் எனக்குத் திரும்ப வந்துவிட்டது. மேலே போய் இந்தப் பிள்ளை முன்னால் கத்தி மானத்தை வாங்கிக்கொள்வதைவிட, இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்தேன். அது ஐஸ் மாதிரி இருந்தது.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ஒசரம்னா சின்ன வயசுலேர்ந்தே பயம். என்னால முடியாது. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் கீழ நிக்கிறேன்."

அவர் கோபித்துக்கொண்டாரோ என்று நான் பயந்த நேரத்தில், ஒரு பெரிய மூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கும்தான் மாமா. எங்க வீட்டு பால்கனியில துணி காயப்போடவே நான் போறதில்ல" என்றார்.

"அப்புறம் ஏன் டிக்கெட் எடுத்தீங்க?"

"நீங்க ஆசப்பட்டீங்களே மாமா."

"நான் எங்க ஆசப்பட்டேன்? உங்ககிட்ட பேச ஒண்ணும் கிடைக்காம கேட்டது அது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. வாய் விட்டுச் சிரித்தோம். பின்னால் நின்றவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். காவலாளியிடம் மாப்பிள்ளை ஏதோ சொல்ல, அவர் எங்களை ஓரமாக விட்டார். கொஞ்ச நேரத்துக்குள் எங்கள் வீட்டார் வேறு யாராவது வந்தால் அதே டிக்கெட்டில் அனுப்புகிறேன் என்றும் சொன்னாராம்.

மகளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னோம். வேகவேகமாக இருவரும் வந்து சேர்ந்தார்கள். என் மனைவி தயங்குவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை என் கையில் வைத்தாள். புர்காவைச் சரிசெய்துகொண்டு, "எந்த லிஃப்ட்டு?" என்று மகளிடம் கேட்டாள். அம்மாவும் பெண்ணும் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்கள்.

வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஏணியில் ஏறுவது எப்போதும் அவள்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது நான். இத்தனை மாதம் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசியும் அது எனக்கு ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

நாங்கள் இருவரும் வெளியே வந்து, தண்ணீர் ஊற்றுகளுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை முழித்து அழுதாள். அவர் கொஞ்ச நேரம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், நான் கொஞ்ச நேரம் நடந்தேன். அடங்கியதும் பேச ஆரம்பித்தோம். மினாராவில் என்னைக் கயிறு கட்டி இறக்கிய கதையை நானே சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவரும் சொன்னார். சம்பளம் கூடக் கிடைக்கும் என்று உயரத்தில் ஒரு வேலை வந்ததாம். பயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். காரணத்தை இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம்.

அப்புறம் கீழே பார்த்துக்கொண்டே, "நிக்காஹ் அன்னைக்கு நீங்க என்கிட்ட பேசவே இல்ல மாமா. உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னே நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

"எனக்கு யார்கிட்டயும் பேச வராது மாப்ள. அன்னைக்கு உங்களைப் பாத்து, நம்மள மாதிரியே ஒரு புள்ள வந்து சேர்ந்திருக்குன்னு சந்தோஷமாதான் இருந்துச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் குழந்தையின் காலில் நழுவியிருந்த சாக்ஸை இழுத்துவிட்டார். அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் அவர்கள் இறங்கி வந்தார்கள். என் மனைவியின் முகத்தை அப்படிப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. கண்ணாடித் தரையில் நின்று, யாரோ ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மேலே எப்படி இருந்தது என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கேட்டோம்.

"மாசக்கணக்கா ரெண்டு பேரும் போன்ல பேசிப் பேசிப் பிளான் போட்டீங்களே, போகணும்னு ஆசை இருக்கான்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நாங்கள் இருவரும் தலையைச் சொறிந்தோம்.

இப்போது வெள்ளிக்கிழமைக்காக நாங்கள் காத்திருப்பதில்லை. தோன்றினால் அவரே கடைக்குப் போன் செய்கிறார். குழந்தை குப்புற விழுந்ததை முதலில் என்னிடம்தான் சொன்னார். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனை வைக்காமல் இருவரும் சும்மா இருக்கிறோம். அது இப்போது கஷ்டமாக இல்லை. உலகமே வரிசையில் நின்று மேலே ஏறிப் பார்க்கிற இடத்தில், ஏற மாட்டேன் என்று வாய் திறந்து சொன்னதால் கீழே எனக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை, எந்த உயரத்திலிருந்து தெரியும் காட்சிக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.