கோல் போட்டவளின் முகம்

என் அம்மா ஒரு காலத்தில் நெட்பால் ஆடியவர் என்று சொன்னால், தங்கா பத்துவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்பமாட்டார்கள். இப்போது முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படியேறுகிறவர். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் குமரியாக இருந்தபோது பெண்களுக்கென்று ஓர் அணி இருந்தது. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு, மதியம் குளித்துச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் திடலில் இறங்கிவிடுவார்களாம். முட்டி தெரியப் பாவாடை கட்டி ஆடுவதைப் பார்த்து ஆரம்பத்தில் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தை ஜெயித்து வந்த பிறகு அவர்களே கோட்டுக்கு வெளியே நின்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அணியின் ஒரே ஒரு படம் எங்கள் வீட்டில் இருந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தன்னுடைய கேமராவில் எடுத்தது. தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு ரேடியோவுக்கு மேலே அது தொங்கும். நான் சாப்பிட அடம்பிடித்தால், அம்மா அதைக் காட்டித்தான் ஊட்டுவார். இது நான், இது உன் சித்தி, இது கோடி வீட்டு அத்தை என்று ஒரு வாய்க்கு ஒரு ஆள். பின்வரிசையில் எல்லாரையும் விட உயரமாக நின்றவர் அம்மாவின் உயிர்த்தோழி. வளையத்துக்குள் பந்தைப் போட்டுக் கோல் எடுப்பது அவர்தான். அம்மா பந்தை எடுத்துக் கொடுப்பார், அவர் போடுவார். நான் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே அவர் கல்யாணமாகி கோலா சுங்கை பாருவுக்குப் போய்விட்டார். பிறகு ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. நாங்களும் தோட்டத்தை விட்டு வந்தோம். தொடர்பு அறுந்துவிட்டது.

தோட்டம் கலைந்தாலும் கோயில் இருக்கிறது. வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். போன வருஷம் கோயில் மண்டபத்தில் பழைய படங்களை மாட்டி வைக்கலாம் என்று கமிட்டியில் பேசினார்கள். தோட்டத்தை விட்டு வந்ததிலிருந்து பெட்டியில் கிடந்த நெட்பால் படத்தை அம்மா எடுத்துக்கொடுக்கப் போனார். சட்டத்திலிருந்து உருவியபோதுதான் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது தெரிந்தது. மெதுவாகத்தான் இழுத்தார். அப்படியும் ஓர் இடம் கண்ணாடியோடு போய்விட்டது. தோழியின் முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள். கண்ணாடியில் மிஞ்சியது ஒரு பழுப்புத் திட்டு.

அம்மா அந்தத் திட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு படத்தை என்னிடம் நீட்டினார்.

"நீதான் கம்ப்யூட்டர்ல பெயிண்டிங் மாதிரி செய்வியே. இதச் செஞ்சு குடு."

நான் பல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்ப்பவள். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில், புகைப்படத்தை ஓவியமாக மாற்றும் மென்பொருளைப் பழக ஆரம்பித்தேன். முதலில் எல்லாரையும் போல ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு ஓவியம் வந்துவிட்டது என்று குதித்தேன். என் முதல் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "எல்லாரு மூஞ்சிலயும் எண்ண வடியுது," என்றார். அது உண்மை. அதன்பிறகுதான் பொறுமையாகக் கற்றேன். புகைப்படத்துக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளை வைத்து, பேனாவால் நானே தீற்ற வேண்டும். புல்லுக்கும் வானத்துக்கும் அகலத் தூரிகை. கண்ணுக்கும் உதட்டுக்கும் ஊசி முனை. எதை விட்டுவிட வேண்டும் என்பதுதான் பாதி வேலை.

நெட்பால் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது, சின்ன வயதில் பார்க்காததெல்லாம் தெரிந்தது. சித்தியின் காலில் செருப்பு இல்லை. அம்மாவின் ஜடை முன்பக்கம் விழுந்து கிடந்தது. கலர் மங்கிச் செம்மண் நிறமாகிவிட்ட படத்தில், நான் புல்லுக்குப் பச்சையைத் திரும்பக் கொடுத்தேன். பின்னால் நின்ற ரப்பர் மரங்களை வரைந்த அன்று அம்மா என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். மரத்தில் வெட்டுப் பக்கம் இந்த உயரத்தில்தான் இருக்கும், பால் வடியும் கோப்பை கொஞ்சம் கீழே, என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன இடங்களில் எல்லாம் கோப்பை வைத்தேன். அப்போது அவருடைய குரலே இளசாகிவிட்டது போல இருந்தது.

தோழியின் முகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அணியிலிருந்த மற்றவர்களுக்கு அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டார். குரல் பதிவுகள் வந்தன. ஒருவர் கூர்மூக்கு என்றார். இன்னொருவர் சப்பை மூக்கு என்றார். சித்தி, அவ சிரிச்சா அழகா இருப்பா என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் வரைந்து வரைந்து காட்டினேன். அம்மா ஒவ்வொன்றையும் பார்த்து, இது அவ இல்ல என்றார். சரி, எப்படி இருப்பார் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. கடைசியில் கண் கலங்கிவிட்டது.

"அவகூடவே தின்னு, அவகூடவே தூங்கியிருக்கேன். மூஞ்சி வரமாட்டேங்குது, பாரேன்."

அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கோலா சுங்கை பாருவுக்குப் போனேன். எங்களிடம் அட்ரஸ் எதுவும் இல்லை. மீன் விற்கும் ஒரு மலாய்க்கார அக்காவிடம், இப்படி நல்ல உயரமான ஒரு தமிழ் அம்மா, தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஆண்ட்டியா என்று கேட்டு, வீட்டுக்கு வழி சொன்னார்.

தோழி வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பாண்டும் டீசர்ட்டும். அம்மா காரிலிருந்து இறங்கி நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்தான் முதலில் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார்.

"பந்தக் கொடுக்க இவ்வளவு லேட்டாவாடி வருவ?"

அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. போய் அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் குழாயை மூடினேன்.

உள்ளே மைலோ கலக்கிக் கொடுத்தார். கணவர் இறந்துபோன பிறகு, அவர் ஓட்டிய வேனைத் தானே ஓட்ட ஆரம்பித்ததாகச் சொன்னார். முதலில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தயங்கினார்கள், இப்போது இவர் லீவு எடுத்தால்தான் பயப்படுகிறார்களாம். நான் டேப்லட்டைத் திறந்து படத்தைக் காட்டினேன். பச்சைத் திடல், அணி, நடுவில் முகமில்லாத ஓர் உடம்பு. அவர் வெகுநேரம் ஒவ்வொருவரையும் விரலால் தொட்டுப் பெயர் சொன்னார். இறந்துபோன இருவரிடம் வந்தபோது விரல் அங்கேயே நின்றது.

அவரிடமும் பழைய படம் கிடையாது. கல்யாணப் படம் ஒன்று இருந்தது. அதில் குனிந்த தலை, மாலை, பவுடர். இதை வைத்து வயதைக் குறைத்து வரையலாம் என்றேன். இப்போதைய முகத்தையே மென்பொருளில் இளமையாக்கவும் முடியும் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"அந்த மூஞ்சி எனக்கே ஞாபகம் இல்ல பாப்பா. நீ எதப் போட்டாலும் நான் சரின்னுதான் சொல்லணும். இப்ப இருக்கறதயே போடு லா."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. குமரிகளுக்கு நடுவில் ஒரு கிழவி நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். கிழவி என்று யாரைச் சொல்கிறாய் என்று தோழி கேட்டார். இருவரும் வாக்குவாதம் செய்ததைப் பார்த்தபோது, இவர்கள் லயத்து வாசலில் எப்படி இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் தோழி சொன்னதே நடந்தது. ஜன்னல் பக்கம் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த முகத்தை அணிக்குள் வைத்தபோது ஒட்டவில்லை. திடலில் வெயில் இடப்பக்கமிருந்து விழுந்தது. ஜன்னல் வெளிச்சமோ வலப்பக்கம். சுலபமான வழி, முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பிவிடுவது. திருப்பினேன். வெளிச்சம் பொருந்திவிட்டது. திருப்தியோடு தீற்ற ஆரம்பித்தேன். வேடிக்கை என்னவென்றால், சுருக்கங்கள் எல்லாம் தூரிகைக் கோடுகளாக மாறியதும் அவை சுருக்கமாகவே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற குமரிகளின் கன்னங்களிலும் அதே கோடுகள்தானே. எல்லாரும் ஒரே சாயத்தில் செய்யப்பட்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

முடித்து அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

"மச்சம் இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம், தாடையோரம். பந்து போடும்போது அவ தலையச் சாய்ப்பா, அப்ப அது தெரியும். நான் அதப் பாத்துத்தான் பந்து விடுவேன்."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு நிறுத்தவே இல்லை. இடது புருவம் ஒரு இழை மேலே, மேல் பல்லில் ஒரு சின்ன இடைவெளி, வியர்த்தால் மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நான் முகத்தைப் பழையபடி திருப்பினேன். வெயிலை என் கையாலேயே வரைந்தேன். அம்மா சொன்ன முகத்தை வேறோர் அடுக்கில் வரையட்டுமா, இளமையாகவே வந்துவிடும் போலிருக்கிறதே என்று கேட்டேன்.

"வேணாம்," என்றார். "எனக்குத் தெரிஞ்சிருச்சு, போதும். அவ கேட்டதயே போடு."

திருவிழா அன்று படம் மண்டபத்தின் நுழைவாயிலில் தொங்கியது. பார்த்தவர்கள், அணிக்குக் கோச் யார், இந்த நரைமுடிக்காரம்மாவா என்று கேட்டார்கள். தோழி பக்கத்திலேயே நின்று, ஆமா, நாந்தான் கோச், இவளுங்களுக்கெல்லாம் ஆடத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி அவரைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. இறந்துபோன இரண்டு பேரின் பிள்ளைகள் வந்து, தங்கள் அம்மா முகத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மகனொருவன் என்னைத் தேடி வந்து, அம்மாவை இவ்வளவு சின்னப் பிள்ளையாகப் பார்த்ததில்லை என்றான். ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னேன்.

அன்னதானத்துக்கு முன்னால் அம்மாவும் தோழியும் திடல் இருந்த இடத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். செம்பனை வரிசை வரிசையாக நின்றது. கீழே காய்ந்த மட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கோல் வளையம் மாட்டிய கம்பம் எங்கே இருந்தது என்பதில் இருவருக்கும் சண்டை. அம்மா ஓரிடத்தில் நின்றுகொண்டு இதுதான் என்றார். தோழி இல்லை என்று நாலைந்து மரம் தள்ளிப் போய் நின்று, தலையைச் சாய்த்து, கையை உயர்த்தினார்.

"போடு," என்றார் அம்மா.

அவர் இல்லாத பந்தைப் போட்டார். உள்ளே விழுந்ததா என்று தோழி கேட்க, விளிம்பில் பட்டு வெளியே போய்விட்டது என்றார் அம்மா. மறுபடியும் வாக்குவாதம். மேளம் கேட்டதும் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மட்டைகளைத் தாண்டித் தாண்டி, சாப்பாட்டுக்கு நடந்தார்கள்.