நிற்கிற வண்டிக்குப் பிரேக்

எண்பதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் எங்கள் நெல் வயலையும் சேர்த்து வாங்கி ஒரு தொழிற்சாலை கட்டியிருந்தார்கள். நான் அதில் தற்காலிகத் தொழிலாளி. நிரந்தரமாக்குவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் அதிகம், இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் வேலை கிடையாது என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அது இன்னும் ஏறியிருக்கும்! நிலமும் போய் வேலையும் போனால் எங்கே போவது?

மிஷன் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அங்கிருந்த நர்ஸம்மா இன்னொன்றும் சொன்னார். எதையாவது இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு விட வேண்டுமாம். தினமும் செய்தால் நாளடைவில் அழுத்தம் இறங்கலாம் என்று ஏதோ மருத்துவப் பத்திரிகையில் படித்தாராம்.

என்னிடம் இருந்தது சைக்கிள்தான். வாசலில் ஸ்டாண்டு போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நிற்பேன். தெருவே வேடிக்கை பார்க்கும்.

"நிக்கிற வண்டிக்கு இன்னாத்துக்குய்யா பிரேக்கு?" என்று என் மனைவியே சிரித்தாள்.

"வேல கெடச்சதும் சொல்றேன், போடி" என்றேன்.

மறுபரிசோதனை நாளில் டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரு தரம் என்று சைக்கிளிடம் ஓடி, பல்லைக் கடித்து, மூச்சையும் அடக்கிப் பிரேக்கை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்கள். அழுத்தம் பார்க்கும் கருவியில் பாதரசம் முன்பைவிட மேலே ஏறி நின்றது.

"ஒத்துவராது, போப்பா" என்றார் டாக்டர்.

"போவ மாட்டேன் சார். இப்பத்தான் பிரேக்கப் புடிச்சிக்கினு இருந்தேன். செத்த நேரம் கம்முனு குந்திக்கினு இருக்கேன், மறுபடி பாருங்க. எங்க நெலத்து மேலதான் சார் இந்த ரூமே கீது!"

என்ன பிரேக் என்று விசாரித்தவர், கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். இறுக்கிப் பிடிக்கும்போது ஏறத்தான் செய்யும், ஓய்வாக இருக்கும்போது உள்ளதுதான் கணக்கு என்று சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தார். எல்லோரும் போன பிறகு கூப்பிட்டுப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். பாதரசம் நன்றாக இறங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டார்.

மாத்திரைதான் குறைத்தது என்கிறாள் மனைவி. நான் பிரேக்கை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது உன்னால் ஆகாது என்று சொன்னால் எனக்கு அந்த பெஞ்சுதான் நினைவுக்கு வருகிறது. எழுந்து போகச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தே ஜெயித்தவன் நான்.