திட்டு நின்றுபோன மாதங்கள்

என் மனைவி என்னைத் திட்டுவதை நிறுத்தியபோது, நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கும், கேஸ் அடுப்பை சிம்மில் வைக்க மறந்ததற்கும் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்கே அவள் குரல் பழக்கம். அந்த வீடு திடீரென்று அமைதியானது. கம்பெனி கேன்டீனில் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன், "பொம்பளைங்கள பொறுமையா ஹேண்டில் பண்ணணும்ப்பா" என்று. ஒருவர் என்னிடம் யோசனைகூடக் கேட்டார். கொடுத்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

அவளுக்கு தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வண்டிகளுக்குப் போகும் ஒயர்களைக் கட்டுகிற பிரிவு. ஒரு நாள்கூட லீவு போடவில்லை. சமைத்தாள், துணி துவைத்தாள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டாள். பெங்களூரிலிருந்து மகள் பேசினால் போனை என்னிடம் நீட்டினாள். இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. எனக்கும் டிவிக்கும் நடுவில் யாரோ நடந்துபோனால் எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில், கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறா. இப்பல்லாம் கோவமே வர்றதில்ல."

"அதான் கேக்குறேன். முன்னல்லாம் அக்கா ஏறுனாத்தான் பஸ்ஸே களகட்டும். இப்ப ரெண்டு மாசமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு அழுவுது. கேட்டா கண்ணுல தூசின்னுது. தெனமுமா தூசி வுழும்?"

அன்று இறால் குழம்பை நான்தான் வைத்தேன். யோசனையில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

நான் மெயின்டனன்ஸ் ஆள். நின்றுபோனதை ஓடவைப்பதுதான் என் பிழைப்பு. அவளையும் அப்படியே ஓடவைக்கப் பார்த்தேன். காலையில் சூரியகாந்திப் பூ போட்ட வாட்ஸ்அப் வணக்கம் அனுப்பினேன். பக்கத்து அறையிலிருந்துதான். மனதைத் தைரியமாக வைத்துக்கொள் என்று அரை மணி நேரம் பேசினேன். அவள் இன்னும் சுருண்டுகொண்டாள்.

அத்திப்பட்டிலிருந்து மாமியார் வந்தார்.

"இன்னா கொற இவளுக்கு? பிரிட்ஜ் கீது, வாஷிங் மிஷினு கீது, குடிக்காத புருசன் கீறான்."

அந்த வரிசையில் நான் வாஷிங் மெஷினுக்கு அடுத்துதான் வந்தேன். கண் பட்டிருக்கிறது என்று சொல்லி மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். அவரும் நானும் இருமித் தீர்த்தோம். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் போன பிறகு, படுத்திருந்தவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னாமே பண்ணுது உனக்கு?"

"தெரில."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"பைத்தியம்னு சொல்லுவாங்க."

"சொல்றவங்கள நீ திட்டு."

"திட்டக்கூட முடில" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் முதுகில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பஸ் மாறி திருவள்ளூருக்குப் போனோம். மனநல மருத்துவர் ஒரு பெண். தூக்கம் எப்படி என்று அவளிடம் கேட்டார், நான் பதில் சொன்னேன். பசி எப்படி என்று கேட்டார், அதற்கும் நானே. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், உங்க டர்ன் வரும். அப்ப பேசுங்க."

பிறகு அவளைப் பார்த்து, "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது.

"காலைல முழிக்காமலே பூட்டா நல்லாருக்கும்னு தோணும் மேடம்" என்றாள் அவள். "ரொம்ப நாளா."

எதிரே ஒரு காலண்டர் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என்ன தேதி இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

இது நோய், சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை என்றார் மருத்துவர். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். ஆலோசகர் ஒருவரிடம் பேசவும் ஏற்பாடு செய்தார். என்னிடம், மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், இப்போதைக்குத் தனியாக விடாதீர்கள், அந்த எண்ணம் அதிகமானால் அன்றைக்கே கூட்டிவாருங்கள் என்றார்.

"அறிவுரை மட்டும் வேணாம் சார். கூட இருங்க."

"கூட இருந்து இன்னா மேடம் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

என் சர்வீஸில் இதைவிடக் கடினமான வேலையை யாரும் கொடுத்ததில்லை. சாயங்காலம் ரயில்வே கேட் வரை பேசாமல் கூட நடந்தேன். பாத்திரம் கழுவினேன். முதல் வாரம் மாத்திரை குமட்டியது. விட்டுவிடலாம் என்றாள். திரும்ப அழைத்துப் போனேன், அளவை மாற்றிக் கொடுத்தார்கள். மகள் லீவு போட்டு வந்து பத்து நாள் இருந்தாள். பஸ் தோழி தினமும் அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்தாள், தூசியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆறேழு வாரம் போயிருக்கும். அடுப்படியில் நின்றவள் ஒரு வாணலியைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்திரம் கழுவுறேன்னு சொல்லிக்கினு அடிப்பக்கம் கரிய அப்டியே வுட்டு வெக்கிற. எத்தினி நாளா பாத்துக்கினு கீறேன்."

நான் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மாமியாருக்குப் போன் செய்தேன். மிளகாய்தான் வேலை செய்திருக்கிறது என்றார் அவர். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரை மிளகாய்க்கும் பங்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதோடு முடிந்துவிடவில்லை. மழைக்காலத்தில் ஒரு வாரம் மறுபடி சரிந்தாள். அப்போது அவளே, "பழயபடி ஆவுற மாதிரி கீது, போலாம் வா" என்று கிளம்பினாள். மாதம் ஒரு முறை இப்போதும் போய்வருகிறோம்.

போன வாரம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் பேசவே இல்லை. நான் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை போனதும் நிமிர்ந்தாள்.

"கீரைல புழு கீதான்னு பாத்துக்கினு கீறேன்யா. எதுனா ஆனா நானே சொல்றேன். சும்மா சும்மா மூஞ்சிய பாக்காத, பேஜாரா கீது."

சரி என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஆனதும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு போய் நானும் கீரை ஆய உட்கார்ந்தேன்.