ஓசியில் கிடைத்த முகவரி அக்கா

கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவள் அவள். சனங்கள் முகவரி எழுதும் லட்சணம் அவளுக்கு அத்துப்படி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சைக் கேட் என்று விலாவாரியாக எழுதுவார்கள். கதவு எண்ணை விட்டுவிடுவார்கள். மாலை வகுப்பில் கணினி நிரல் எழுதப் படித்ததும், எப்படிக் கிறுக்கியிருந்தாலும் எண், தெரு, அஞ்சல் குறியீடு என்று பிரித்துத் தருகிற ஒரு சின்ன நிரலை எழுதினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் பொதுவில் போட்டாள். அதிலிருந்து அவள் முகவரி அக்கா.

எடுத்துக்கொண்டார்கள். மருந்துக் கடைக்காரர்களும் மாணவர்களும் எடுத்துக்கொண்டு நன்றி எழுதினார்கள். பெரிய கம்பெனிகள் எடுத்துக்கொண்டு புகார் எழுதின. அவற்றில் ஒன்று, வீட்டு வாசலுக்குச் சாமான் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனி. ஏழு மாடி, வாசலில் செயற்கை அருவி. அதன் தொழில்நுட்பத் தலைவருக்கு வணக்கம் சொல்லிப் பழக்கமில்லை. “உங்கள் நிரலில் பிழை. மதியத்துக்குள் சரிசெய்யவும்” என்று மட்டும் எழுதுவார். இவளும் அரை நாள் விடுப்புப் போட்டுச் சரிசெய்வாள். ஒன்பது வருடம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு முறை விழாவுக்குக் கூப்பிட்டார்கள். “அக்கா நம்ம குடும்பத்துல ஒருத்தங்க” என்று தலைவர் மேடையில் உருகிவிட்டு, கம்பெனி முத்திரை போட்ட துணிப்பை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், நாலு ஸ்டிக்கர்.

அவள் கணவன் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் எலெக்ட்ரீஷியன். பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தான்.

“ஒரு ஹெட்லைட் மாட்டினாக்கூட நான் காசு வாங்குறேன். ஏழு மாடிக்காரன் உன்கிட்ட ஓசியில வேலை வாங்குறான்.”

“எல்லாருக்கும் பயன்படட்டும்னுதாங்க போட்டேன்.”

“மருந்துக் கடைக்காரருக்குப் பயன்படட்டும். இவனுக்கு என்ன கேடு, குடுத்தா குறைஞ்சா போயிடுவான்?”

அடுத்த வாரமே ஒரு வக்கீலைப் பிடித்து, அடுத்த பதிப்புக்குப் புது உரிமம் எழுதி வாங்கினாள். நிரல் முன்போலவே திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், மாற்றலாம். நூறு ஊழியருக்குக் குறைவான இடங்களுக்கு இலவசம். மற்றவர்கள் வருடக் கட்டணம் கட்ட வேண்டும். அருவியைக் கழுவ ஆகும் செலவுகூட இல்லை அது.

இணையத்தில் வசவு மழையாகக் கொட்டியது. பேராசைக்காரி, துரோகி. அந்த நிரலில் ஒரு வரிகூட எழுதிச் சேர்க்காதவர்களுக்குத்தான் அதிகம் எரிந்தது. தலைவர் முதன்முறையாக போன் செய்தார்.

“சேவையா ஆரம்பிச்சீங்க. இப்ப இப்படிக் காசு கேக்கறீங்களேம்மா?”

“நீங்க சம்பளம் வாங்குறீங்களா சார்?”

“அது வேற.”

“எப்படி வேற?”

“இந்த நிரலை எங்க பசங்களே ஒரு வாரத்துல எழுதிடுவாங்க” என்று போனை வைத்துவிட்டார்.

பழைய பதிப்பு இலவசமாகவே இருந்ததால் அந்தக் கம்பெனிக்காரர்கள் அதிலேயே அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு நகராட்சி எல்லாத் தெருக்களுக்கும் புது எண் போட்டது. பழைய பதிப்புக்கு அந்த எண்கள் பிடிபடவில்லை. பன்னிரண்டு பொறியாளர்கள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, அந்த ஒரு வார வேலையை நாலு மாதம் செய்தார்கள். பிறந்தது அந்த மகா படைப்பு. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாற்பது தொட்டில்களைக் கல்குவாரியில் கொண்டுபோய் இறக்கியது.

மறுநாளே கம்பெனியிலிருந்து ஒப்பந்தத்தோடு ஆள் வந்தான். கூடவே, கம்பெனிக்கு வேலை செய்து தருகிறவர்கள் நிரப்ப வேண்டிய பதினாறு பக்கப் படிவம். ஊழியர் எண்ணிக்கை என்ற இடத்தில் ‘ஒன்று’ என்று எழுதினாள். தீயணைப்பு ஏற்பாடு என்ற இடத்தில் ‘ஒரு வாளி’ என்று எழுதினாள். யாரும் படிக்காமலே ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது பதினான்கு கம்பெனிகள் கட்டணம் கட்டுகின்றன. கூரியர் வேலையை விட்டுவிட்டு, கணவனின் பட்டறைக்கு மேல் ஓர் அறையில் உட்கார்ந்து நிரலைப் பார்த்துக்கொள்கிறாள். துரோகி என்று எழுதியவர்களில் ஒருவன், அதே பெயரில், வேலை கேட்டு அவளுக்கே எழுதியிருந்தான். வெட்கம் என்பது அவன் கேள்விப்படாத சரக்கு போலிருக்கிறது.

தலைவர் ஊர் ஊராகப் போய், திறந்த நிரல் எழுதுகிறவர்களைத் தாங்குவது நம் கடமை என்று பேசிவருகிறார். பேசுவதற்குக் கட்டணம் வாங்குகிறார்.