பூசைக்கு வந்த கற்கோடரி

அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவருக்கு முன்னால் பாச்சை உருண்டையின் வாசனை வந்துவிடும். திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில், கற்கருவிகளும் பழைய வெள்ளி நகைகளும் மரச்சிற்பங்களும் வைத்திருந்த கூடத்துக்கு அவர் காவலர். கண்ணாடிப் பெட்டிகளின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். நாகர்கோவில் பக்கமிருந்து அந்நகரின் கரமனைக்குக் குடிவந்த எங்கள் குடும்பத்துக்கு அந்தச் சாவிக்கொத்து ஒரு பெருமை.

எனக்கு அப்போது பதினொரு வயது. நேரத்தையும் குறித்து டைரி எழுதும் பழக்கம் அன்றே உண்டு. அந்த ஆண்டு நவராத்திரியில், அஷ்டமி மாலை, புத்தகங்களையும் வீட்டுக் கருவிகளையும் வழக்கப்படி ‘பூசைக்கு வைத்தோம்’. விஜயதசமி வரை படிக்கவோ எழுதவோ கூடாது என்பதால் என் டைரியும் அடுக்கில் போயிற்று. மறுநாள் காலை பார்த்தபோது, அம்மாவின் கத்தரிக்கோலுக்கும் அப்பாவின் சுத்தியலுக்கும் நடுவில் உள்ளங்கை நீளத்தில் ஒரு கருங்கல் இருந்தது. ஒரு முனை கூராக இருந்தது. மேலே சந்தனம், குங்குமம். சந்தனம் மறைக்காத இடத்தில் வெள்ளைப் பெயின்டில் 47 என்ற எண்.

“ஆப்பீஸ் சாமானை எதுக்கு இங்க கொண்டாந்திய?” என்றாள் அம்மா.

“அங்க லீவு முடியற வரைக்கும் பூட்டுதான். சுத்தியலுக்கும் கத்திரிக்கும் பொட்டு வைக்கே. அதுக்கெல்லாம் பாட்டன் இது, கேட்டியா? இதுக்கு யாரு வைப்பா?”

“நல்லா இருக்கு. யாராம் கேட்டா, கல்லே நடந்து வந்துதுன்னு சொல்லுங்க.”

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கல்லை எடுத்தவர் வேறு எதையாவதுகூட எடுத்திருக்கலாமே என்று தோன்றியது. அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பைகளைத் துழாவினேன். கட்டிலடிப் பெட்டியைக் கிளறினேன். ஒன்றும் அகப்படவில்லை. எழுதி வைத்திருந்தால் சந்தேகம் தாளோடு நின்றிருக்கும். எழுதக் கூடாத அந்த நாட்களில் அது தலைக்குள்ளேயே வளர்ந்தது. விஜயதசமியன்று அரிசியில் ‘ஹரிஸ்ரீ’ எழுதிய கையோடு டைரியை எடுத்து நான் முதலில் எழுதியது 47.

விடுமுறை முடிந்த காலையில், ‘தோர்த்து’ என்று நாங்கள் சொல்லும் துண்டில் கல்லைச் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பா கிளம்பியபோது, நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடவே போனேன். கூடத்தில் வேறு யாரும் இல்லை. ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்து, பெட்டிக்குள் சிவப்புத் துணிமேல் கல்லை வைத்துப் பூட்டினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். எட்டு நாற்பது.

அடுத்த மாதம் கணக்கெடுப்பில் ஒரு வெள்ளித் தண்டையைக் காணவில்லை. மேலதிகாரி ஊழியர்களின் வீடுகளுக்கெல்லாம் போய் விசாரித்தார். எங்கள் வீட்டில் அவர் மலையாளத்தில் கேள்வி கேட்டது என்னிடம்.

“மோளே, அச்சன் அவிடந்து எந்தெங்கிலும் வீட்டுக்குக் கொண்டுவந்தோ?”

“ஒரு கல்லு. நாற்பத்தேழாம் நம்பர்” என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தபடி நின்றார், நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல. திரும்ப வைத்ததை நான் சொல்லவில்லை. அதிகாரி கேட்கவில்லை என்பது உண்மை. கல்லைத் திரும்ப வைத்தவர் தண்டையை வைக்காமல் விட்டிருப்பாரோ என்று அந்த நிமிடம் நான் நினைத்தேன் என்பதும் உண்மை. கணக்கெடுப்பு வருவது தெரிந்து பயந்துதான் கல்லைத் திருப்பி வைத்திருக்கிறார் என்று அதிகாரி எழுதினார். லீவு முடிந்த அன்றே வைத்துவிட்டேன் என்று அப்பா சொன்னது எடுபடவில்லை. சாட்சி யார் என்று கேட்டார்கள். அப்பா என் பெயரைச் சொல்லவில்லை.

சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு அவரை வாசலில் டிக்கெட் கிழிக்க நிறுத்தினார்கள். “ஓய், போகும்போது வாசல் தூணைக் கொண்டுபோயிராதேயும்” என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். சில வாரத்தில் தண்டை கிடைத்தது. பெட்டிக்குள் விரித்த துணியின் மடிப்பில் நழுவிக் கிடந்திருக்கிறது. ஆனாலும் கல்லை எடுத்தது எடுத்ததுதான் என்று அப்பாவை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் நின்றார். ஒருநாள் நான் அழுதபோது, “நீ கண்டதைத்தானே சொன்னே, மக்களே” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. இப்போது அவரும் இல்லை.

சென்ற மாதம் அந்த அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். மரப்பெட்டிகளும் சிவப்புத் துணியும் போய்விட்டன; சாவி போட்டுத் திறக்கும் பூட்டு எதிலும் இல்லை. மூலைக்கு மூலை கேமரா. நாற்பத்தேழாம் எண்ணுக்கு ஒரு தனி விளக்குப் போட்டிருந்தார்கள். அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. காவலுக்கு இருந்த இளம்பெண் பக்கத்தில் வந்தாள்.

“சேச்சி, கொறே நேரமாயிட்டு இதைத்தன்னே நோக்குந்நு. எந்தா காரியம்?”

“எங்கப்பா இதை ஒருதடவை வீட்டுக்குக் கொண்டு போனாரு. லீவு முடிஞ்ச அன்னிக்கே, எட்டு நாற்பதுக்குத் திரும்ப வச்சாரு. நான் கண்டேன்.”

அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

“பேக் ஒந்நு தொறக்காமோ?”

திறந்து காட்டினேன். அடிவரை கைவிட்டுப் பார்த்தாள்.