மாரிக்கனி நேந்துவிட்ட கிடாய்

மாரிக்கனிக்கு ஒருத்தர் மேல் கோபம் வந்தால் லேசில் போகாது. மற்றவர்கள் கோபம் பால் பொங்குவது போலப் பொங்கி அடங்கிவிடும். இவளுடையது ஊறுகாய். ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அவ்வப்போது எடுத்து வெயில் காட்டுவாள். கல்யாணமான புதிதில் பந்தியிலிருந்து தன்னை எழுப்பிவிட்ட ஒரு பெரியம்மாவின் வாசலை, அந்த அம்மாள் செத்த அன்றுதான் மிதித்தாள். அதுவும் செத்தது உறுதிதானா என்று பார்க்கத்தான் போனாள் என்று ஊரில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளை வேன் படியில் வைத்து அவமானப்படுத்தலாமா? வீரபத்திரன் படுத்தினார்.

ஊர் திருச்சுழிப் பக்கம். வானம் பார்த்த பூமி. வானமோ இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே அபூர்வம். மாரிக்கனி வாக்கப்பட்டு வந்த காலத்தில் அவர்கள் தெருப் பெண்களுக்கு இருந்த வேலை மூன்று. அடுத்தவர் காட்டில் மிளகாய் பறிப்பது, பருத்தி எடுப்பது, மழை இல்லாவிட்டால் சும்மா இருப்பது. அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு நூல் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமியார் வைததையும் காதில் வாங்காமல் முதலில் பஸ் ஏறியவள் அவள்தான். சின்னச் சின்ன பாபின்களில் வரும் நூலைப் பெரிய கோன்களில் சுற்றுகிற பிரிவில் போட்டார்கள். ஒரே இரைச்சல். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இரைச்சலுக்குள் நின்றதில் கத்திப் பேசும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. துக்க வீட்டில் அவள் ரகசியம் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

மண் சுவர் செங்கல் சுவரானதும், மகன் விஜயபாண்டி டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் வேலைக்குப் போனதும், லோடு ஏற்றி ஏற்றி முதுகு போன புருஷன் இருளாண்டி எழுந்து நடந்ததும் அந்த மில்லால்தான். கொழுந்தன் இறந்து, அவன் பெண்டாட்டி பாண்டீஸ்வரி கைப்பிள்ளையோடு நின்றபோது, அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மில்லில் சேர்த்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவார்கள். ஓர்ப்படியாள்கள் இப்படி ஒற்றுமையாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை என்று ஊரே கண் வைத்தது.

பஞ்சு விலை ஏறியது. நூலை வாங்க ஆள் இல்லை. மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்தி, ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிற பொறுப்பு சூப்பர்வைசர் வீரபத்திரன் கைக்கு வந்தது. பாலவனத்தத்துக்காரர், நிலபுலன் உள்ள குடும்பம். வேலையில்லை என்பதை முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனுஷருக்கு அதற்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் எப்போதும்போல வேன் வந்தது. மாரிக்கனி தூக்குவாளியோடு படியில் ஒரு காலை வைத்தாள். முன் சீட்டில் இருந்த வீரபத்திரன் தன் காலைக் குறுக்கே நீட்டினார்.

"நீ ஏறாதம்மா. ஒனக்கு இனிமே வேலை இல்ல."

"சார், நேத்து ஷிப்டு முடியும்போதுகூட ஒண்ணும் சொல்லலையே சார்."

"இப்பச் சொல்றேன்ல. வயசாயிருச்சு, வீட்டுல கெட. எறங்கு, வேனு லேட்டாகுது."

அவள் இறங்கினாள். டீக்கடை வாசலில் நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். வேனுக்குள் இருந்தவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். பாண்டீஸ்வரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் வாயைத் திறந்திருந்தால் அவளையும் இறக்கிவிட்டிருப்பார்கள். மாரிக்கனியும் அவளைக் குறை சொல்லவில்லை. வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தச் செருப்புக் கால் குறுக்கே நீண்டதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

அன்றைக்கே வீட்டில் பிறந்திருந்த ஒரு கருங்கிடாய்க் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரைக் கருப்பசாமி முன்னால் போய் நின்றாள். குட்டியின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டினாள்.

"எந்தக் கால நீட்டி என்னைய மறிச்சாரோ, அந்தக் காலு மில்லுக்குள்ள போகக் கூடாது. கேட்டு பூட்டிக் கெடக்கணும். நான் ரோட்டுல நின்ன மாதிரி அவரு நிக்கணும். நின்ன அன்னைக்கு இந்தக் கெடா ஒனக்கு" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

அதன் பிறகு அவள் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் மூடி எரித்துக் கரியாக்குகிற கரிமூட்ட வேலைக்குப் போனாள். இத்தனை வருஷம் தலையெல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளையாக வீடு திரும்பியவள் கறுப்பாகத் திரும்பினாள். இருமினால் சளியும் கறுப்பு. ஒவ்வொரு இருமலுக்கும் ஒருதரம் வீரபத்திரனை நினைத்துக்கொண்டாள். கிடாயோ ராஜா மாதிரி வளர்ந்தது. சாமிக்கு நேந்துவிட்ட கிடாயை யார் அடிப்பது? காட்டில் மேய்ந்தது, கடைவாசலில் வாழைப்பழத் தொலி தின்றது, காயப்போட்ட பயற்றில் வாய் வைத்தது. மகனுக்கு வேலை கிடைத்ததற்கு நேந்துவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். கருப்பசாமி ஒரு வருஷத்துக்கு மேல் நின்றார். மாசியில் ஒருநாள் மில் வேன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பாண்டீஸ்வரி வாசல்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கேட்டுல பூட்டுப் போட்டுட்டாகக்கா. நட்டமாம். ஒருத்தரையும் உள்ள விடல. சுகப்பிரியா காலேஜு ரெண்டாம் வருசம் படிக்கா, நான் என்னக்கா பண்ணுவேன்?"

மாரிக்கனி கேட்டது ஒரே கேள்வி. "வீரபத்திரன்?"

"அவரும்தேன் வெளிய நிக்காரு. கேட்டப் பிடிச்சுக்கிட்டு வாச்மேன்கிட்டக் கெஞ்சுறாரு."

மாரிக்கனி உள்ளே போனாள். சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பாண்டீஸ்வரி நினைப்பு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. சோற்றில் கிடந்த கல்லைப் போல அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெளியே வந்து, "அழுகாதடி, சாமி இருக்கு" என்றாள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கிடாவெட்டு என்று நாள் குறித்தாள். வேனில் வந்து போன பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டாள். அன்றைக்குச் செல்போனைப் பார்த்தவர்கள் இன்றைக்குத் தன்னைப் பார்க்கட்டும் என்று நினைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா? பஸ் ஏறிப் பாலவனத்தம் போனாள். வீரபத்திரன் லுங்கியோடு, சவரம் செய்யாத முகத்தோடு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சார் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை எங்க சாமிக்குக் கெடா வெட்டுறோம். நீங்க வரணும்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "எத்தனை பேருக்கு நான் வேலை வாங்கிக் குடுத்திருக்கேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீ வந்து கூப்பிடுற. கண்டிப்பா வாரேம்மா" என்றார்.

இவர் வருவார் என்று அவள் நினைக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் யாரும் இவர்கள் தெருவில் கை நனைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கண்மாய்க்கரை நிறையக் கூட்டம். வீரபத்திரன் வெள்ளை வேட்டியில் வந்து ஓரமாக உட்கார்ந்தார். பாண்டீஸ்வரி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடுப்புப் பக்கம் வெங்காயம் அரிந்தாள். பூசாரி தவசி கிடாய்க்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார். கிடாய் உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு, அப்புறம்தான் அரிவாள். கிடாய் சிலுப்பவில்லை. மறுபடி ஊற்றினார். பிரமை பிடித்தது போல நின்றது. கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்தது. இருளாண்டி கீழே விழுந்து கும்பிட்டான். தவசி குடத்தைக் கீழே வைத்துவிட்டு மாரிக்கனி பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, நேந்ததுல என்னமோ மறைப்பு இருக்கு. மறைச்சு வச்சா அய்யா ஏத்துக்கிற மாட்டாரு. என்னன்னு நேந்த? வாயத் தெறந்து சொல்லு."

மகனுக்காக என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? சாமிக்குத் தெரியும் என்று அவள் பயந்தாள் என்பது பாதி உண்மை. மீதி உண்மை, அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சம்பந்தப்பட்டவனுக்குத் தெரியாத பழி என்ன பழி? ஜாடியின் துணியை அவிழ்த்தாள். மில் இரைச்சலை மீறிப் பேசிப் பழகின அந்தத் தொண்டையில் சொன்னாள்.

"இந்தா உக்காந்திருக்காரே, இவரு கால நீட்டி என்னைய வேன் படியில இருந்து எறக்கிவிட்டாரு. நாய வெரட்டுற மாதிரி. இவரு ரோட்டுல நிக்கணும், மில்லு கேட்டு பூட்டிக் கெடக்கணும்னு நேந்தேன். பூட்டிருச்சு. அதுக்குத்தேன் இந்தக் கெடா!"

கிடாய் கழுத்திலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது. முன்னால் நின்றவர்கள் முகத்திலெல்லாம் தண்ணீர் தெறித்தது. தவசி வாய் பிளந்து நின்றார். ஈ கடித்ததோ, சாமிதானோ, யார் கண்டது? கொட்டு முழங்கியது. அரிவாள் இறங்கியது.

வீரபத்திரன் எழுந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "நீ சாப்பிடத்தான் கூப்பிட்டன்னு நெனச்சேன்" என்றார்.

"சாப்பிடத்தேன் கூப்பிட்டேன். இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிடவில்லை. வேட்டி தடுக்க, கரையிலிருந்து இறங்கிப் போனார். அந்த நடையை மாரிக்கனி கண்கொட்டாமல் பார்த்தாள். இனித்தது. நெஞ்சுக்குள் அத்தனை நாள் இருந்த கரிப்புகை ஒரே மூச்சில் வெளியேறியது போல இருந்தது. அவள் அதற்காக வெட்கப்படவில்லை, பிறகும் ஒருநாளும் படவில்லை.

திரும்பினால், பாண்டீஸ்வரி அடுப்படியில் அரிவாள்மணையை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"கேட்டு பூட்டணும்னு நேந்தியேக்கா, அப்ப உள்ள யாரு இருந்தா?"

மாரிக்கனி அவள் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

"நான் இருந்தேன். எம்புள்ள படிப்பு இருந்துச்சு. நானும் வெங்காயம் அரிஞ்சுக்கிட்டுக் கெடக்கேன் பாரு, எங்குடி கெட்டதுக்கு விருந்துன்னு தெரியாம." பாண்டீஸ்வரி கையைக் கழுவினாள். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். வேன் பெண்கள் ஒவ்வொருத்தராக அவள் பின்னால் போனார்கள். பங்காளி வீட்டுக்குப் பங்குக்கறி கொடுத்தனுப்ப வேண்டும் என்பது முறை. பாண்டீஸ்வரி வீட்டுக்கு இருளாண்டி கொண்டுபோன கறி மூடியபடியே திரும்பி வந்தது.

பிறகு மில் திறக்கவில்லை. சுகப்பிரியா படிப்பை நிறுத்திவிட்டு டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனாள். பாண்டீஸ்வரி கரிமூட்டத்துக்கு வந்தாள். ஒரே மூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்று விறகு அடுக்கினார்கள், பேச்சு இல்லை. மாரிக்கனி இரண்டு தடவை வாயெடுத்தாள். பாண்டீஸ்வரி காது கேட்காதவள் போல இருந்தாள்.

வைகாசியில் ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், பாண்டீஸ்வரி வீட்டு வாசலில் ஒரு கருங்கிடாய்க் குட்டி கட்டிக் கிடந்ததை மாரிக்கனி பார்த்தாள். கழுத்தில் புது மஞ்சள் துணி. பாண்டீஸ்வரி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி நேந்துவிட்டிருக்க?"

பல நாளைக்குப் பிறகு பாண்டீஸ்வரி அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒனக்குத்தேன்."

மாரிக்கனி குட்டியின் அருகே போனாள். இப்படி நேந்துவிடுகிற கோபம் எப்படிப்பட்டது, எத்தனை நாள் தாங்கும் என்பது இந்த ஊரில் அவளைவிட யாருக்குத் தெரியும்? குனிந்து குட்டியின் முதுகைத் தடவினாள். விரலில் எலும்பு தட்டியது.

"நல்லாத் தழை ஒடிச்சுப் போடுடி. இப்பிடி எலும்பும் தோலுமாக் கொண்டுபோய் நிப்பாட்டுனா சாமி சிரிக்கும்" என்றாள்.

வாசல் வேம்பில் எட்டி ஒரு கொப்பை வளைத்து ஒடித்துக் குட்டியின் முன்னால் போட்டாள். அது தின்னத் தொடங்கியதும் கரிமூட்டத்தைப் பார்த்து நடந்தாள்.